வேகத் தாளில் என் வண்டி

பதினெட்டு வருஷம் திண்டுக்கல்லில் குப்பை லாரி ஓட்டினேன். ஒப்பந்த டிரைவர். படிப்பு ஏழாவது வரை. அதற்கு முன்னால் வெளியூர் லோடு அடிக்கிற லைன் லாரியில் கிளீனர், பிறகு டிரைவர். கல்யாணம் ஆனதும் ஊரோடு இருக்கலாம் என்று குப்பை லாரிக்கு வந்தேன். அப்படியே இருந்துவிட்டேன்.

என் வண்டி, குப்பையை அமுக்குகிற வண்டி. தெருமுனைத் தொட்டியைப் பின்னால் தூக்கிக் கொட்டிக்கொள்ளும். உள்ளே ஓர் இரும்புத் தட்டு வந்து அமுக்கும். அமுக்கும்போது பம்பு ஊளையிடும். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தொட்டி. அத்தனை தடவையும் ஊளை. லீவரைப் பிடித்துக்கொண்டு நான் பம்புக்குப் பக்கத்தில்தான் நிற்பேன். ஆரம்பத்தில் தலை வலித்தது. பிறகு பழகிவிட்டது. பழகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

வேகம் காட்டுகிற முள் செத்துப் பல வருஷம் ஆயிற்று. கேபிள் அறுந்துபோனது. எழுதிக் கொடுத்தோம். வரவில்லை. எங்கள் ஷெட்டில் பாதி வண்டிக்கு முள் கிடையாது. அதை யாரும் குறையாக நினைக்கவில்லை. டிரைவருக்குக் காது இருக்கிறது. மூன்றாவது கியரில் இஞ்சின் முனகினால் இருபத்தைந்து. நான்காவதில் முனகல் அடங்கிச் சீராக வந்தால் நாற்பது. அந்தச் சத்தம் வருகிற வரைக்கும் மிதிப்பது. வந்ததும் காலைத் தளர்த்துவது. இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. எல்லோரும் இப்படித்தான் ஓட்டினோம்.

பிறகு பெட்டி வந்தது.

எங்கள் ஷெட் வண்டி ஒன்று பழனி ரோட்டில் பைக்கில் போன ஒருவரைத் தட்டிவிட்டது. கால் முறிந்தது. ஜனங்கள் ரோட்டை மறித்தார்கள். ஒரு மாதத்தில் எல்லா வண்டிக்கும் ஜி.பி.எஸ். பெட்டி மாட்டினார்கள். சோப்புக் கட்டி அளவு. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்ன பஸ்ஸர்.

மாநகராட்சி அதிகாரி ஷெட்டுக்கு வந்து எல்லாரையும் நிற்கவைத்துப் பேசினார்.

“ஊருக்குள்ள நாப்பது. பைபாஸ்ல அம்பது. தாண்டினா பெட்டி கத்தும். ஒடனே குறைச்சிட்டா ஒண்ணும் இல்ல. குறைக்கலைன்னா கம்ப்யூட்டர்ல விழுந்துரும். திங்கக்கிழமை திங்கக்கிழமை தாள் ஒட்டுவோம். வாரத்துல அஞ்சு தடவ வரைக்கும் பச்சை. அதுக்கு மேல போனா சிவப்பு. தொடர்ந்து மூணு வாரம் சிவப்புன்னா வண்டிய விட்டு இறங்கிற வேண்டியதுதான்.”

தண்ணீர் டேங்கர் ஓட்டுகிறவர் என் வயசுக்காரர். என்னைப் பங்காளி என்பார். அவர் கையைத் தூக்கினார்.

“சார், தண்ணி ரொப்புன டேங்கரு நாப்பதுல போச்சுன்னா எனக்கு மாலை போடணும் சார்.”

“வெறும் டேங்கரா திரும்பி வருவீங்கள்ல, அப்ப பாப்போம்.”

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குப் பயம் இல்லை. ஒப்பந்தத்தில் இருக்கிறவன் வண்டியை விட்டு இறங்கினால் நேரே வீடுதான், தெரியும். ஆனால் நான் நிதானமாக ஓட்டுகிறவன். ஷெட்டில் எனக்கு ‘மாட்டுவண்டி’ என்று பேர். பதினெட்டு வருஷத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை.

முதல் திங்கட்கிழமை தாள் ஒட்டினார்கள். முதல் வரியில் என் வண்டி. சிவப்பு. பதினோரு தடவை.

டேங்கர்காரர் என் தோளில் கை போட்டார்.

“என்ன பங்காளி, மாட்டுவண்டிக்கு றெக்க மொளச்சிருச்சா?”

நேரே கம்ப்யூட்டர் அறைக்குப் போனேன். அங்கே ஒரு பெண். சின்னாளபட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். மரியாதையானவள்.

“பெட்டி கெட்டுப்போச்சும்மா. இந்த ஏழு நாளும் ஒரு தடவகூட அது கத்தல. கத்தாத பெட்டி என் வண்டிய எப்படிச் சிவப்புல போடும்?”

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். ஊர் முழுக்கக் கோடு. முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒரு வளைவு தெரிந்தது. பஸ் ஸ்டாண்டைச் சுற்றுகிற வளைவு. அதைப் பிடித்துக்கொண்டதும் எல்லாம் தெரிந்தது. நாகல் நகர். பாலம். பைபாஸ். என் ரோடுகள். அதில் துண்டு துண்டாகச் சிவப்பு.

“நீங்க போற ரூட்டுதானேண்ணே?”

“ரூட்டு என்னுதுதான்.”

“இங்க பாருங்க, பாலம் எறங்கினதும் அம்பத்தெட்டு. நேத்தும் இதே எடம். முந்தாநாளும் இதே எடம்.”

“நான் நாப்பதுக்கு மேல போறதே இல்லம்மா.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்கிறவனைப் பார்ப்பது போல இல்லை. என்ன சொல்வது என்று தெரியாமல் பார்த்தாள். “மெக்கானிக்க அனுப்பச் சொல்றேண்ணே” என்றாள்.

மெக்கானிக் வருவதற்குள் இரண்டாவது திங்கட்கிழமையும் வந்துவிட்டது. மறுபடியும் சிவப்பு. அதற்கு அடுத்த நாள் அவர் வந்தார். இஞ்சினை ஓடவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து எதையோ அமுக்கினார். வண்டியைச் சுற்றி நாலு பேர் நின்றோம்.

“கத்துதா?” என்றார்.

மூன்று பேர் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். எதைக் கேட்டு ஆட்டினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. எல்லோரும் ஆட்டினார்கள், நானும் ஆட்டினேன்.

“பெட்டி நல்லாத்தாண்ணே இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் வண்டியில் தொட்டியைக் கொக்கியில் மாட்டிவிட ஒரு அம்மா வருவார். நாற்பத்தைந்து வயசு இருக்கும். வேதக்காரக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வேலைக்கு வருவார். நாலு வருஷமாக என் பக்கத்து சீட்டு அவருக்கு. வாய் ஓயாது. நான் பேச மாட்டேன். அதனால் ஒத்துப்போனது.

மெக்கானிக் போன மறுநாள். பைபாஸில் போய்க்கொண்டிருந்தோம். அந்த அம்மா திடீரென்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

“அண்ணே, கொஞ்சம் குறைங்கண்ணே. எம்புட்டு நேரமாக் கத்துது! மண்டைக்குள்ள ஊசி வச்சுக் குத்துற மாதிரி இருக்கு.”

“எது?”

“எதுவா? பெட்டிண்ணே.”

ஓரங்கட்டினேன். இஞ்சினை அணைத்தேன்.

“இப்பக் கத்துதா?”

“வண்டி நின்னு போச்சே, இப்ப எப்பிடிக் கத்தும்?” சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பும் நின்றது. “அண்ணே... ஒங்களுக்குக் கேக்கவே இல்லையா?”

நான் ரோட்டைப் பார்த்தேன்.

“நான் என்னமோ நீங்க வீம்புக்கு ஓட்டுறீங்கன்னுல்ல நெனச்சேன். ஆபீசு மேல கோவம், கத்துனாக் கத்தட்டும்னு இருக்கீங்கன்னு.”

“இல்ல.”

“ரெண்டு வருசமா நான் ஒங்ககிட்டக் கத்தித்தாண்ணே பேசுறேன். வீட்டுக்குப் போனாலும் அதே பழக்கம். எம் பொண்ணு, ‘ஏம்மா, நான் என்ன குப்பைத் தொட்டியா, இப்பிடிக் கத்துற’ங்கிறா.”

அப்புறம் தெளிவானது. எனக்குத் தெரிந்த அந்த நாற்பதின் சத்தம் அதே இடத்தில்தான் இருந்தது. என் காது பின்வாங்கிப் போயிருந்தது. அந்தச் சத்தம் கேட்கிற வரை மிதித்தேன். வருஷம் வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அதிகம் மிதித்திருக்கிறேன். பெட்டி என்னைப் பற்றிப் பொய் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் கேட்டேன், எனக்குக் காது மந்தமா என்று. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“நீங்க வைக்கிற சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுல டிவியே போடுறதில்ல. நம்ம வீட்டுலருந்தே நாடகம் கேட்டுக்கிறாக.”

“சொல்லக் கூடாதா?”

“ஒங்ககிட்ட என்னத்தச் சொல்ல. நீங்க பேசாத ஆளு. காது கேக்கலையா, பதில் சொல்லப் பிடிக்கலையான்னு யாருக்குத் தெரியும்?”

அதுவும் சரிதான்.

மறுநாள் வண்டியில் ஏறியதும் அந்த அம்மாவே சொன்னார். “பெட்டி கத்துனா நான் தோளுல தட்டுறேன். நீங்க காலை எடுத்துருங்க. இதுக்குப் போயி ஏன் மொகத்தத் தொங்கப் போடுறீங்க?”

“வேண்டாம்” என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்னும் ஒரு சிவப்பு வந்தால் வீடு. அம்பத்து நாலு வயசில் எனக்கு வேறு யார் வண்டி கொடுப்பார்கள்? சரி என்றேன்.

அப்படி ஓட்டினோம். முதல் நாள் அந்த அம்மா தட்டித் தட்டி என் இடது தோள் வலித்தது. பிறகு குறைந்தது. நாற்பதை வேறு மாதிரி கற்றுக்கொண்டேன். ஸ்டியரிங் நடுக்கத்தில். காலடித் தகட்டின் அதிர்வில். கரண்ட் கம்பம் கடக்கிற வேகத்தில். மூன்றாவது திங்கட்கிழமை தாளில் என் வண்டி பச்சை. அடுத்ததிலும் பச்சை. அதற்கடுத்ததிலும்.

ஷெட்டில் எல்லா வண்டியுமே மெதுவாகப் போக ஆரம்பித்தது. பெட்டி கத்துகிறதைக் கேட்டுக்கொண்டு மனுஷன் ஓட்ட முடியாது என்றார்கள். டேங்கர்காரர் பஸ்ஸரில் பஞ்சை அடைத்துப் பிளாஸ்திரி ஒட்டினார். சத்தம் அடங்கியது. திங்கட்கிழமை சிவப்பில் வந்தார்.

“வாயத்தான் அடைச்சேன் பங்காளி, கண்ணு தனியா இருக்கும்போல” என்றார். பஞ்சைப் பிடுங்கிப் போட்டார். நான் சிரிக்கவில்லை. அவருக்குப் பஞ்சு தேவைப்பட்டது. எனக்கு அதுவும் தேவைப்படவில்லை.

இரண்டு மாதம் கழித்து அதிகாரி மறுபடி வந்தார். கையில் தாள். மோசமாக இருந்து நல்லபடியாக மாறிய வண்டி என்று என் நம்பரைப் படித்தார்.

“முன்னால வாங்க. எப்படிக் குறைச்சீங்கன்னு மத்தவங்களுக்குச் சொல்லுங்க.”

போய் நின்றேன். எல்லோரும் பார்த்தார்கள். பின்வரிசையில் அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

“நிதானமா ஓட்டுனாப் போதும்” என்றேன்.

கை தட்டினார்கள். கை தட்டுவது தெரிந்தது. அவ்வளவுதான்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. காலையில் எழுந்ததும் தோள்தான் நினைவுக்கு வரும். இன்னொருத்தர் கையை நம்பி ஏழு டன் வண்டியை ஊருக்குள் ஓட்டுகிறோம் என்று தோன்றும். டீ குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவேன். இருபத்தைந்து வருஷம் ஸ்டியரிங் பிடித்ததில் வராத அலுப்பு அந்த இரண்டு மாதத்தில் வந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்த நாள் உண்டு.

பிறகு அந்த அம்மாவின் மகளுக்குப் பிரசவ நேரம். மூன்று நாள் லீவு கேட்டிருந்தார்.

“நீங்களும் மூணு நாளு லீவு போட்டுருங்கண்ணே” என்றார்.

“பாத்துக்கிறேன்.”

“என்னத்தப் பாத்துக்குவீங்க? பாக்குறதாண்ணே இப்பப் பெரச்சனை?”

“மொதல்ல ஒம் பொண்ணப் பாரு, போ.”

நான் லீவு போடவில்லை. மூன்று நாள்தானே, முப்பதிலேயே போகலாம் என்று நினைத்தேன். அப்படியே போனேன். பதிலுக்கு வந்த ஆள் பின்படியில் நின்றுகொண்டு வந்தான். கேபினில் நான் மட்டும்.

இரண்டாவது நாள் மத்தியானம். தாடிக்கொம்பு ரோட்டில் ஊரைப் பார்த்து வந்துகொண்டிருந்தேன். நல்ல வெயில். ஒரு பக்கம் ரோடு வெட்டிப் போட்டிருந்தார்கள். மிச்ச ரோட்டில் நடுவாக, முப்பதில் வந்தேன். எதிரே வந்தவர்கள் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். பெரிய வண்டிக்கு வழி விடுகிறார்கள் என்று நினைத்தேன்.

பைக்கில் வந்த ஒருவர், வெட்டிப் போட்டிருந்த மண்ணில் ஏறி என் பக்கத்தில் வந்தார். கதவில் ஓங்கி அடித்தார். அந்த அடி தெரிந்தது. திரும்பினேன்.

“யோவ்! செவிடாய்யா நீ? பின்னாடி பாருய்யா!”

கண்ணாடியில் பார்த்தேன். ஆம்புலன்ஸ். என் வண்டியின் பின்பக்கத்தோடு ஒட்டி நின்றது போல இருந்தது. மேலே விளக்கு சுழன்றது. சத்தம் போட்டுக்கொண்டுதான் வந்திருக்கும். எத்தனை நேரமாக என்று எனக்குத் தெரியாது. பின்படியில் நின்ற ஆள் இரண்டு கையாலும் வண்டியை அடித்திருக்கிறான். அதுவும் எனக்குத் தெரியவில்லை.

மண் மேட்டில் ஏற்றி ஒதுக்கினேன். அது போனது. அதன் பின் கண்ணாடி வழியாக ஒரு கை தெரிந்தது. மருந்து பாட்டிலைத் தூக்கிப் பிடித்த கை. வளையல் போட்ட கை.

உள்ளே யார் இருந்தார்கள் என்று தெரியாது. பிழைத்தார்களா என்றும் தெரியாது. விசாரிக்கவில்லை. விசாரிக்கத் தைரியம் இல்லை.

வண்டியை அங்கேயே கொஞ்ச நேரம் நிறுத்தியிருந்தேன். பின்படி ஆள் வந்து என்னமோ சொன்னான். வாய் அசைந்தது. “போலாம்” என்றேன். நடக்கிற வேகத்தில் ஓட்டி ஷெட்டுக்கு வந்தேன். லோடு இறக்கவில்லை.

அதிகாரி கம்ப்யூட்டர் அறையில் இருந்தார். அந்தப் பெண்ணும் இருந்தாள். சாவியை மேஜை மேல் வைத்தேன்.

“என்னப்பா?”

“எனக்குக் காது கேக்கல சார். வண்டிய எடுத்துக்குங்க.”

அவருக்கு விளங்கவில்லை. பெண்ணைப் பார்த்தார். அவள் திரையில் என் வண்டியைப் பார்த்தாள்.

“பச்சையிலதான் சார் இருக்காங்க. இன்னைக்கு முப்பதக்கூடத் தாண்டல.”

“தாண்டலம்மா” என்றேன். “ஆம்புலன்சுக்கும் வழி விடல.”

நடந்ததைச் சொன்னேன். தோளில் தட்டியதையும் சொன்னேன். அந்த அம்மாவைக் கேட்டுக்கொண்டது நான்தான், அவரை ஒன்றும் சொல்லாதீர்கள் என்றேன். அது பொய். அந்த ஒரு பொய் போதும் என்று நினைத்தேன்.

அதிகாரி கோபப்படுவார் என்று நின்றேன். சாவியை எடுத்து இழுப்பறையில் போட்டார். “அன்னைக்கு எல்லாரு முன்னாடியும் நிக்க வச்சேனே, அன்னைக்குச் சொல்லியிருக்கலாமேப்பா” என்றார். ஒரு தாளில் எழுதி, பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்தார்கள். தலையில் ஹெட்போன். கையில் ஒரு பட்டன். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும். முதலில் நாலைந்து தடவை கேட்டது. அமுக்கினேன். பிறகு நின்றுவிட்டது. அடுத்தது ஆரம்பிக்கட்டும் என்று பட்டனில் விரலை வைத்தபடி காத்திருந்தேன். நெடுநேரம். கதவைத் திறந்து ஒரு நர்சு எழுந்திருக்கச் சொன்னார்.

“இன்னும் போடலையேம்மா?”

“எல்லாம் போட்டு முடிச்சாச்சுய்யா.”

டாக்டர் சின்ன வயசுக்காரர். ஒரு கோட்டை வரைந்து காட்டினார். பாதி வரை நேராகப் போன கோடு பிறகு கீழே சரிந்திருந்தது. கீச்சென்ற சத்தம் எதுவும் கேட்காது, பம்புப் பக்கத்தில் நின்று நின்று வந்தது, திரும்ப வராது என்றார். மிஷின் மாட்டினால் பேச்சுக் கேட்கலாம். கனரக வண்டி ஓட்டலாம் என்று எழுதித் தர முடியாது.

“தர வேண்டாம்” என்றேன்.

மூன்று நாள் லீவு முடிந்து அந்த அம்மா ஷெட்டுக்கு வந்தார். கணக்கு முடிக்க நானும் அங்கே போயிருந்தேன். பெண் குழந்தை. மகள் வீட்டுக்காரர் ஊர் சிறுமலை. மலைவாழைப்பழம் ஒரு சீப்பு கொண்டுவந்திருந்தார். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். விஷயம் தெரிந்திருந்தது. முகம் கறுத்திருந்தது.

“நான் வர்ற வரைக்கும் ஒங்களால செத்தப் பொறுக்க முடியலையாக்கும்? எத்தனை வருசம்னாலும் தட்டியிருப்பேன்ல.”

“ஒங் கை தேஞ்சிரும்.”

“தேஞ்சாத் தேயுது.” பழத்தை என் கையில் வைத்து அழுத்தினார். “புது ஆளு எப்பிடிப்பட்டவனோ.”

“நல்லாக் காது கேக்குதான்னு பாத்துக்க.”

அவர் சிரிக்கவில்லை. வண்டியில் ஏறிக்கொண்டார். அந்த வண்டி கேட்டைத் தாண்டுகிற வரை நின்று பார்த்தேன்.

ஒரு மாதம் வீட்டில் இருந்தேன். பிறகு எங்கள் ஷெட் சூப்பர்வைசர் ஒப்பந்தக்காரரிடம் பேசி, குப்பைக் கிடங்கு கேட்டில் ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார். போனேன். டிரைவர் சட்டை கிடையாது. ஒரு நாற்காலி, ஒரு நோட்டு. வருகிற வண்டியின் நம்பரையும் நேரத்தையும் எழுத வேண்டும். மிஷின் மாட்டியிருக்கிறேன். பேச்சுக் கேட்கிறது. காற்றடித்தால் எல்லாம் ஒரே இரைச்சல். கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன்.

முதல் வாரம் கேட்டுக்கு வெளியே வண்டி வந்து நின்றதே எனக்குத் தெரியவில்லை. ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டு அவர்களே இறங்கி வந்து திறந்தார்கள். டேங்கர்காரரின் பழைய டேங்கரைக் கிடங்கில் தீயணைக்க விட்டிருக்கிறார்கள். அவரும் வருவார். ஒரு நாள் இறங்கி வந்து என் நாற்காலியைத் தூக்கினார். சுவரைப் பார்த்து இருந்ததை ரோட்டைப் பார்த்துப் போட்டார். “இப்பிடி ஒக்காரு பங்காளி” என்றார். போய்விட்டார்.

இப்போது யாரும் ஹார்ன் அடிப்பதில்லை. பட்டப்பகலிலும் ஹெட்லைட்டைப் போட்டு அணைக்கிறார்கள். எழுந்து போய்த் திறக்கிறேன். நம்பரை எழுதிக்கொண்டு, போகச் சொல்லிக் கை காட்டுகிறேன்.